திறந்ததும் தொடாதீர்கள்: பிறர் எழுதிய ஆர்டுயினோ நிரலைப் படிப்பது எப்படி?



"தமிழ் டீச்சருக்கு இதில் என்ன வேலை?" என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் படித்தது தமிழ். அதன்பிறகு கல்வியியலில் முதுநிலை டிப்ளோமா. நிரலாக்கம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால், எங்கள் பள்ளியின் புத்தாக்கக் கழகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, கூட்டத்தில் "யார் ஏற்றுக்கொள்கிறீர்கள்?" என்ற கேள்வி வந்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அவ்வளவுதான்.

கழகத்தோடு ஒரு பெட்டியும் என் கைக்கு வந்தது. உள்ளே படிவம் ஐந்து மாணவர்கள் செய்து வைத்துவிட்டுப் போன தானியங்கி நீர்ப்பாய்ச்சும் கருவி. மிளகாய்த் தொட்டியில் மண் காய்ந்தால் தானாகவே மோட்டார் ஓடும், தண்ணீர் போகும், நின்றுவிடும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. கணினியில் அதற்குரிய கோப்புறைகள் மூன்று இருந்தன: நீர்1, நீர்2, நீர்_கடைசி. "கடைசி என்றால் கடைசிதானே" என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதைத் திறந்தேன். மேலே ஓர் அம்புக்குறி தெரிந்தது. அழுத்தினேன். மோட்டார் ஓடியது. ஆஹா, வேலை செய்கிறதே என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நடைபாதை முழுக்க ஈரம். மோட்டார் கருகிக் கிடந்தது. படிவம் இரண்டு மாணவி ஒருத்தி பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், இதுல இருந்த அண்ணன்களோட நிரல் எங்க டீச்சர்?"

அது போய்விட்டது. நான்தான் அழித்தேன். கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இக்கட்டுரையில் படிப்படியாகத் தருகிறேன். புதிதாக நிரல் எழுதுவது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. ஆனால் வகுப்பிலும் செயல்திட்டத்திலும் நமக்கு அடிக்கடி வருவது, ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்ததைத் திறந்து புரிந்துகொள்ளும் வேலைதான்.

1. உட்பொதி மென்பொருள் என்றால் என்ன?

ஒரு பொருளுக்குள்ளேயே பதிந்திருந்து, அந்தப் பொருளை இயக்குகிற நிரலை உட்பொதி மென்பொருள் என்கிறோம். சலவை இயந்திரம், குளிர்சாதனத்தின் தொலைக்கட்டுப்படுத்தி, மின்தூக்கி என எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இந்நிரல் இயங்குவது நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லில். மாணவர்கள் அதை மைக்ரோகொன்ட்ரோலர் என்பார்கள்.

பள்ளிகளில் நாம் அதிகம் பார்ப்பது ஆர்டுயினோ ஊனோ பலகை. ஆர்டுயினோ 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. மின்னணுவியல் படிக்காதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே தமிழாசிரியர்களாகிய நாமும் அந்தக் கணக்கில் வருகிறோம், பயப்படத் தேவையில்லை.

ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பில் உள்ள சில்லின் அளவைப் பாருங்கள். நிரலைச் சேமிக்க 32 கிலோபைட். இயங்கும்போது மாறிகளை வைத்துக்கொள்ள 2 கிலோபைட் மட்டுமே. நம் கைப்பேசியில் இருக்கும் ஒரு புகைப்படம்கூட இதற்குள் அடங்காது. இந்தச் சின்ன இடத்திற்குள் நீங்கள் எழுதிய நிரல் அப்படியே போவதில்லை. கணினியிலுள்ள தொகுப்பி அதை இயந்திரக் குறிகளாக மாற்றுகிறது. அந்தக் குறிகள் மட்டுமே சில்லுக்குப் போகின்றன. நீங்கள் வைத்த மாறிப் பெயர்கள், எழுதிய விளக்கக் குறிப்புகள் எதுவும் போகாது.

இதை நான் அன்று அறிந்திருக்கவில்லை. சில்லில் உள்ள குறிகளை வல்லுநர் ஒருவர் நகலெடுத்து வைக்கலாம். ஆனால், மாணவர்கள் எழுதிய வடிவில் அதைத் திரும்பப் பெற முடியாது. கணினியில் மூலக்கோப்பு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

2. திறக்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் யூஎஸ்பி கம்பியைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். நிரலைப் படிக்கப் பலகை தேவையில்லை. கம்பி இல்லையென்றால் அம்புக்குறியைத் தவறி அழுத்தினாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. 

இரண்டாவது, முழுக் கோப்புறையையும் நகல் எடுங்கள். ஒரு கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. "மூலம்" என்று புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் பழையதைப் பெயர் மாற்றாமல் அப்படியே போடுங்கள். ஏன் பெயர் மாற்றக் கூடாது? ஆர்டுயினோவில் ஒரு விதி உண்டு. ஐஎன்ஓ என்று முடியும் முதன்மைக் கோப்பின் பெயரும் அது இருக்கும் கோப்புறையின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் திறக்கும்போது சிக்கல் வரும். பெயர் மாற்றியே ஆக வேண்டுமென்றால், மென்பொருளைத் திறந்து, கோப்புப் பட்டியலில் "வேறு பெயரில் சேமி" என்பதைப் பயன்படுத்துங்கள். அது இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடும்.

நகல் எதற்கு, நான் எதையும் மாற்றப் போவதில்லையே என்கிறீர்களா? ஆர்டுயினோ ஐடிஇ 2-இல் தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால், கை தவறித் தட்டிய ஓர் எழுத்தும் உங்களைக் கேட்காமலேயே பதிவாகிவிடும்.

மூன்றாவது, கோப்புகளின் தேதியைப் பாருங்கள். பெயரை நம்ப வேண்டாம். எங்கள் "நீர்_கடைசி" உண்மையில் "நீர்2"-ஐவிடப் பழையது. யாரோ அதைக் கடைசி என்று நினைத்துச் சேமித்திருக்கிறார்கள். அதன்பிறகும் வேலை தொடர்ந்திருக்கிறது. மாணவர்களே, உங்கள் கோப்புறைகளிலும் "புதுசு", "புதுசு2", "ஃபைனல்" என்று இருக்கும், எனக்குத் தெரியும். இன்றிலிருந்து பெயருக்குப் பதில் தேதியைப் போடுங்கள்.

நான்காவது, கருவியைப் படம் எடுங்கள். எந்த நிறக் கம்பி எந்த முனையில் செருகியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு கம்பி கழன்றுவிட்டால் இந்தப் படம்தான் சாட்சி.

3. திறந்ததும் திரையில் என்ன இருக்கிறது?

சரி, இப்போ திறப்போம். ஐஎன்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினால் நிரலாக்கச் சூழல் திறக்கும். நிரலாக்கச் சூழல் என்பது நிரலை எழுத, சரிபார்க்க, பலகைக்கு அனுப்ப, பிழை பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே இடம்; சுருக்கமாக ஐடிஇ.

மேல் வரிசையின் இடப்பக்கத்தில் இரண்டு பொத்தான்களைக் கவனியுங்கள். சரி போட்டது போன்ற குறி "சரிபார்". வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி "பதிவேற்று". முதலாவது கணினிக்குள் மட்டும் வேலை செய்யும்; எத்தனை முறை அழுத்தினாலும் பலகைக்குப் பாதிப்பில்லை. இரண்டாவது, பலகையில் இருப்பதை அழித்துவிட்டுப் புதியதைப் போடும். "உறுதியா?" என்று கேட்காது.

அவற்றின் அருகில், எந்தப் பலகை, எந்தத் துறைமுனை என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி உண்டு. இடப்பக்க ஓரத்தில் கோப்புறை, பலகை மேலாளர், நிரலக மேலாளர், தேடல் ஆகிய சின்னங்கள் இருக்கும். கீழே விரியும் பகுதியில் செய்திகள் வரும். வலப்பக்க மேல் மூலையில் உள்ள உருப்பெருக்கி போன்ற சின்னம் சீரியல் மானிட்டர். பலகை நம்மோடு பேசுவது அங்கேதான்.

நிரலுக்கு மேலே தாவல்கள் சில இருக்கலாம். பலர் முதல் தாவலை மட்டும் படித்துவிட்டு, "இந்தச் செயற்கூறு எங்கே எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை" என்பார்கள். அடுத்த தாவலில் இருக்கும்! ஒரே கோப்புறையில் ஐஎன்ஓ கோப்புகள் பல இருந்தால், ஐடிஇ முதன்மைக் கோப்பை முதலில் வைத்து, மற்றவற்றை அகர வரிசைப்படி அதன்பின் ஒட்டி, ஒரே நிரலாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

4. படிக்கும் வரிசை

கருத்துணர்தல் பகுதியைச் செய்யும்போது நாம் மாணவர்களுக்கு என்ன சொல்கிறோம்? முதல் வாசிப்பில் எல்லாச் சொல்லுக்கும் பொருள் தேடாதே. மொத்தம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார். நிரலுக்கும் அதே முறைதான். ஆனால் வரிசை சற்று மாறும்.

முதலில், விளக்கக் குறிப்புகள். இரண்டு சாய்கோட்டுக்குப் பிறகு வருபவை மனிதருக்காக எழுதப்பட்டவை. சில்லு அவற்றைப் பார்ப்பதே இல்லை. அவற்றை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். எழுதியவர் என்ன நினைத்தார் என்பது ஓரளவு பிடிபடும்.

இரண்டாவது, "இன்க்லூட்" என்று தொடங்கும் வரிகள். இவை நிரலகங்களை அழைக்கின்றன. இவற்றைப் பார்த்தாலே கருவியில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்று சொல்லிவிடலாம். எங்கள் நிரலில் எல்சிடி திரைக்குரிய நிரலகம் ஒன்று இருந்தது. ஆகவே திரை உண்டு என்று தெரிந்தது.

மூன்றாவது, மாறிலிகள். நிரலின் தொடக்கத்தில் "கான்ஸ்ட்" அல்லது "டிஃபைன்" என்ற சொல்லோடு வரும். முனை எண்களும் எல்லை மதிப்புகளும் இங்கே இருக்கும். எங்கள் நிரலில் ஈர உணரி ஏ0 முனையில், ரிலே 7-ஆம் முனையில், வறட்சி எல்லை 650 என்று இருந்தது.

இந்தக் கட்டத்தில் நின்று, தாளில் ஓர் அட்டவணை போடுங்கள்: பாகம், முனை எண், உள்ளீடா வெளியீடா, கம்பி நிறம். பிறகு, எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். எங்கள் மாணவி உடனே ஒரு கேள்வி கேட்டாள்: "டீச்சர், திரைக்கு ஏ4, ஏ5-ல கம்பி போகுது. ஆனா நிரல்ல அந்த நம்பரே இல்லையே?" நல்ல கேள்வி. ஐ2சி என்னும் முறையில் இணையும் பாகங்களுக்கு ஊனோவில் ஏ4, ஏ5 என்று முன்பே நிச்சயமாகிவிட்டது. அதனால் நிரலில் முனை எண் வராது; திரையின் முகவரி மட்டும் வரும். இத்திரைகளில் அது பெரும்பாலும் பதினறும எண்முறையில் 27 அல்லது 3எஃப்.

நான்காவது, "செட்டப்" பகுதி. மின்சாரம் வந்ததும் ஒரே ஒரு முறை இயங்கும். எது உள்ளீடு, எது வெளியீடு என்று இங்கே அறிவிப்பார்கள்.

ஐந்தாவது, "லூப்" பகுதி. மின்சாரம் இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப ஓடும். கருவியின் நடத்தை முழுவதும் இங்கேதான். இதை வரி வரியாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கள் லூப்பின் தமிழ் இதுதான்: உணரியைப் படி. மதிப்பைத் திரையில் காட்டு. மதிப்பு 650-ஐவிட அதிகமானால் மோட்டாரை ஓட்டு, 60 வினாடி காத்திரு, மோட்டாரை நிறுத்து. பிறகு கொஞ்சம் காத்திருந்து முதலிலிருந்து தொடங்கு.

லூப்பில் தெரியாத செயற்கூறு வந்தால், அதன் பெயர்மேல் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். பலகையின் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது எழுதப்பட்ட இடத்துக்கே ஐடிஇ உங்களை அழைத்துப் போகும்.

5. புரியாத வரியை அழிக்காதீர்கள்

எங்கள் நிரலில் விசித்திரமான இரண்டு இடங்கள் இருந்தன. நான் தனியாகப் படித்திருந்தால் இரண்டையும் "தவறு" என்று நினைத்துத் திருத்தியிருப்பேன்.

முதலாவது, மோட்டாரை ஓட்டும் இடத்தில் ரிலே முனைக்கு "லோ" என்றும், நிறுத்தும் இடத்தில் "ஹை" என்றும் எழுதியிருந்தது. தலைகீழாக இருக்கிறதே? இல்லை. பள்ளிகளுக்கு வரும் ரிலே அட்டைகள் பலவற்றில் முனை தாழ்ந்த நிலைக்குப் போகும்போதுதான் ரிலே இணையும். அட்டை அப்படி, அதற்கேற்ப நிரல்.

இரண்டாவது, செட்டப்பில் ரிலே முனையை வெளியீடு என்று அறிவிக்கும் முன்பே அதற்கு "ஹை" கொடுக்கும் ஒரு வரி. "அறிவிக்காமலே எப்படிக் கொடுக்கிறார்கள், இது வேண்டாத வரி" என்று தோன்றியது. ஆனால் ஊனோவில் ஒரு முனையை வெளியீடாக்கியதும் அது இயல்பாகவே தாழ்ந்த நிலையில்தான் தொடங்கும். எங்கள் ரிலேக்குத் தாழ்ந்த நிலை என்றால் "ஓடு". ஆகவே அந்த வரி இல்லையென்றால், ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் மோட்டார் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலைத் தடுக்கத்தான் அண்ணன்கள் அந்த ஒரு வரியைப் போட்டிருந்தார்கள்.

புரியாத வரிக்கு அருகில் "இது ஏன்?" என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதலாம். குறிப்புகளைத் தொகுப்பி ஒதுக்கிவிடுவதால் சில்லில் இடம் பிடிக்காது, பிழையும் வராது. மாறிப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. சரிபார்: செய்தியைப் படியுங்கள்

இப்போது சரி குறியை அழுத்தலாம். நிரல் சரியாக இருந்தால் கீழே இரண்டு கணக்குகள் வரும். ஒன்று, நிரலுக்கான இடத்தில் எவ்வளவு நிரம்பியது. ஊனோவில் அதிகபட்சம் 32,256 பைட். 32 கிலோபைட் என்றால் 32,768 ஆயிற்றே என்று கேட்கும் மாணவருக்கு: மீதி 512 பைட், புதிய நிரலை வாங்கிப் பதிக்கும் தொடக்க நிரலுக்கு ஒதுக்கப்பட்டது. மற்றொன்று, மாறிகளுக்கான 2,048 பைட்டில் எவ்வளவு போயிற்று என்பது.

பிழை வந்தால் பதற வேண்டாம். சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிடுவது நம் வழக்கம். முதல் பிழையை மட்டும் படியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வந்தால், அந்த நிரலகம் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். நிரலில் தவறில்லை. இடப்பக்கத்து நிரலக மேலாளரில் தேடி நிறுவுங்கள். வேறு கணினிக்கு மாறும்போது பெரும்பாலும் வரும் முதல் பிழை இதுதான்.

பலகையை இணைத்த பிறகு துறைமுனையே தெரியவில்லை என்றால் முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டும் பயன்படும் கம்பிகளில் தரவு போகாது. கம்பி சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், மலிவு விலைப் பலகைகள் சிலவற்றுக்குத் தனி இயக்கி மென்பொருள் நிறுவ வேண்டியிருக்கும்.

7. ஒரு வரியில் ஒளிந்திருந்த 49 நாள்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நிரல் பிழையின்றிச் சரிபார்க்கப்பட்டது. தமிழில் படித்தால் "60 வினாடி ஓட்டு, பிறகு நிறுத்து" என்றுதான் இருக்கிறது. பிறகு ஏன் மோட்டார் நிற்கவே இல்லை?

காத்திருக்கும் கட்டளை "டிலே". அது மில்லி வினாடியில் கணக்கு வைக்கும். அடைப்புக்குறிக்குள் 60 பெருக்கல் 1000 என்று எழுதியிருந்தது. கணக்குப் பாட ஆசிரியரிடம் காட்டினால் 60,000, சரி என்பார். ஆனால் ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட் அளவுள்ளது. அதில் அடங்குவது -32,768 முதல் 32,767 வரைதான். 60, 1000 இரண்டும் அதில் அடங்கும் எண்கள் என்பதால், பெருக்கலும் அதே அளவுப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. 60,000 அதில் அடங்காது. மோட்டார்சைக்கிளின் ஓட்டமானி கடைசி எண்ணைத் தாண்டியதும் சுற்றி வருவதைப் போல, விடை சுற்றிக்கொண்டு -5,536 ஆகிவிடுகிறது.

டிலே கட்டளைக்குக் குறை எண் தெரியாது. அது 32 பிட் அளவுள்ள, குறியில்லாத எண்ணையே வாங்கும். -5,536 அங்கே போனதும் 4,294,961,760 என்று ஆகிறது. அத்தனை மில்லி வினாடியை நாளாக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 49.7 நாள்! வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிய மோட்டார், நிரலின்படி ஏழு வாரம் கழித்துத்தான் நின்றிருக்கும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தோம்? ஐடிஇயின் விருப்பத்தேர்வுகளில் "தொகுப்பி எச்சரிக்கைகள்" என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக அது "எதுவும் வேண்டாம்" என்று இருக்கும். அதை "எல்லாம்" என்று மாற்றிச் சரிபார்த்தபோது, அந்த வரி எண்ணோடு, முழு எண் நிரம்பி வழிகிறது என்ற எச்சரிக்கை வந்தது. அதுவரை தொகுப்பிக்குத் தெரிந்தேதான் இருந்தது. நாம் கேட்கவில்லை, அது சொல்லவில்லை.

திருத்தம் மிக எளிது. பெருக்காமல் நேரடியாக 60000 என்று எழுதினால் போதும். எண் பெரியதாக இருப்பதைக் கண்டு தொகுப்பியே பெரிய பெட்டியை எடுத்துக்கொள்ளும். பலகையில் இருந்த, நான் அழித்த நிரலில் அண்ணன்கள் இதை எப்போதோ சரிசெய்திருக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை மாதம் செடி வாழ்ந்திருக்காது.

8. சின்ன மாற்றம், ஒரு நேரத்தில் ஒன்று

படித்து முடித்தாயிற்று, நகலும் பத்திரமாக இருக்கிறது. இப்போதுதான் கம்பியைச் செருக வேண்டும். முதல் சோதனைக்கு மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து வையுங்கள்; ரிலேயின் "டிக்" சத்தம் கேட்டால் போதும்.

சீரியல் மானிட்டரைத் திறந்ததும் ஊனோ புதிதாகத் தொடங்கும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. அதில் புரியாத கிறுக்கல்கள் வந்தால், நிரலில் "சீரியல் பிகின்" என்ற இடத்தில் உள்ள வேக எண்ணும் மானிட்டரில் தேர்ந்தெடுத்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் 9600.

எங்கள் மாணவர்கள் உணரியைக் காய்ந்த மண்ணிலும் ஈர மண்ணிலும் மாறி மாறிச் செருகி, வந்த எண்களைக் குறித்தார்கள். ஊனோ உணரியை 0 முதல் 1023 வரை படிக்கும். எங்கள் உணரியில் மண் காயக் காய எண் ஏறும். மூன்று நாள் குறித்த பிறகுதான் எல்லை எண்ணை மாற்றினார்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே சோதனை, உடனே குறிப்பு. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

9. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

நிரல் பகுதியைக் கொடுத்து "வெளியீடு என்ன?" என்று கேட்கும் வினாக்களுக்கும் இதே வாசிப்பு உதவும். முயன்று பாருங்கள்.

வினா 1: நிபந்தனை "மதிப்பு 650-ஐவிட அதிகமானால்". உணரி 720, 640, 650 என்று வரிசையாகப் படிக்கிறது. மோட்டார் எத்தனை முறை ஓடும்?
விடை: ஒரு முறை. 650 என்பது 650-ஐவிட அதிகமில்லை. எல்லை எண்ணில்தான் பலர் புள்ளியை இழக்கிறார்கள்.

வினா 2: "வணக்கம்" என்று திரையில் காட்டும் வரி செட்டப்பில் இருக்கிறது. அதை லூப்புக்கு மாற்றினால் என்ன ஆகும்?
விடை: ஒரு முறை மட்டும் வர வேண்டியது ஒவ்வொரு சுற்றிலும் எழுதப்படும், உணரியின் மதிப்பைக் காட்டும் இடத்தையும் மறைக்கலாம்.

வினா 3: ஊனோவில் 30 பெருக்கல் 1000 என்று டிலேயில் எழுதினால் சிக்கல் வருமா?
விடை: வராது. 30,000 அடங்கும். 33 பெருக்கல் 1000 என்றால் வரும். ஏன் என்று நீங்களே சொல்லுங்கள்.

செயல்திட்ட அறிக்கை எழுதுவோருக்கு ஒரு சொல். "நிரலைப் பதிவேற்றினோம், கருவி இயங்கியது" என்று இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். முனை அட்டவணை, மாற்றிய எண், மாற்றியதற்கான காரணம், சோதனையில் கிடைத்த மதிப்பு ஆகிய நான்கையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கும் அது வேண்டும்.

10. ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடவடிக்கை

கணினி இல்லாமலேயே செய்யலாம். ஐடிஇயோடு வரும் எடுத்துக்காட்டுகளில் "பிளிங்க்" என்ற சிறு நிரல் உள்ளது. பலகையிலுள்ள விளக்கை ஒரு வினாடி எரியவிட்டு, ஒரு வினாடி அணைக்கும். அதை அச்சிட்டு, இருவர் இருவராகக் கொடுங்கள். ஒருவர் வரியைப் படிக்க, மற்றவர் அதைத் தமிழில் கட்டளை வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "விளக்கை ஏற்று. ஒரு வினாடி காத்திரு." பிறகு அந்தத் தமிழ் வாக்கியங்களிலிருந்தே பாய்வுப்படம் வரையச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள், மலாயிலோ ஆங்கிலத்திலோ தயங்கும் இடத்தில், தமிழில் சொல்லும்போது எங்கே புரியவில்லை என்பதைத் தாங்களே கண்டுபிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நிறைவாக

கண்காட்சிக்கு எங்கள் கருவி போனது. பரிசு கிடைக்கவில்லை, செடிக்குத் தண்ணீர் கிடைத்தது. நடுவர் ஒருவர் அந்தப் படிவம் இரண்டு மாணவியிடம், "ஏன் 60 பெருக்கல் 1000 என்று எழுதாமல் 60000 என்று எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். அவள் சொன்ன விளக்கத்தைக் கேட்டபடி நான் பின்னால் நின்றிருந்தேன்.

இப்போது எங்கள் பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவள் கையெழுத்து. நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

கம்பியைக் கழற்று.
முழுக் கோப்புறையையும் நகல் எடு.
தேதியைப் பார், பெயரை நம்பாதே.
படித்துவிட்டுத் தொடு.
மாற்றியதை எழுதி வை.

முயன்று பார்த்துவிட்டு, உங்கள் வகுப்பு அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.